ஆடி மாதத்தில் இரண்டு பட்டை

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஆறரை மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து என் பிக்கப்பை எடுத்தேன். பழைய ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி கட்டிய வண்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பாதி பிக்கப்புகள் அப்படித்தான் பிறந்தன. சங்கரன்கோவிலுக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கழுகுமலை தாண்டியதும் மேல்காற்று எதிரே வந்து மோதியது. கரிசல் புழுதி கண்ணை மறைத்தது. பின்பக்கம் உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கயிற்றால் கட்டியிருந்ததால் மாட்டு வண்டிகூட என்னை முந்திவிடுமோ என்ற பயத்தில் ஓட்டினேன்.

பட்டை உடைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி நான்கு மாதம். எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடி பிறக்கும் முன்பே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மாதம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஊர். என் மனைவி சண்முகத்தாயின் வீடு ராயகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டத்தில். நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். ராயகிரி தாண்டி முதல் ஓடையிலேயே பாறையில் ஏறி இறங்கியபோது சடாரென்று பின்பட்டை முறிந்தது. மாமனார் மாட்டு வண்டி கொண்டுவந்து மகளை ஏற்றிக்கொண்டார். வண்டி திருப்பத்தில் மறையும்வரை அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

போகும்போது மாமனார் ஒரு வார்த்தை சொன்னார். "உங்க வண்டி மட்டும் தோட்டம் வரைக்கும் ஏறி வந்துட்டா, எலுமிச்சங்கா லோடு பூரா உங்களுக்குத்தான் மாப்பிள்ளை." அவர் வியாபாரம் பேசினார். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. ஆடியில் மாப்பிள்ளை வரக்கூடாதுதான். லோடு ஏற்ற வரும் வண்டிக்காரனை யார் தடுப்பார்கள்? பகலில் போய், அவள் கையால் ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் போதும் என்றிருந்தது.

எட்டரை மணிக்குச் சங்கரன்கோவில். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்ததால் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ராஜபாளையம் ரோட்டில் சுடலைமுத்து அண்ணாச்சியின் பட்டறை. லாரிகளுக்குப் பட்டை அடிப்பதில் பெயர் போனவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தபடியே கேட்டார்.

"எங்கன ஓட்டுதீரு இத?"

"ராயகிரிக்கு மேக்க, ஓடைக்குள்ள."

"ஓடைக்குள்ள என்ன வே ஜோலி?"

"எலுமிச்சங்கா லோடு அண்ணாச்சி."

"கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. நாலு மாசம்."

"பொண்டாட்டி எங்க?"

நான் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. அரை மணி நேரத்தில் பட்டறை முழுக்க விஷயம் பரவிவிட்டது. சம்மட்டி அடிப்பவர் ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வேலை இதுதான். வண்டியின் பாரத்தைத் தாங்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். உடைந்ததை மாற்ற வேண்டும்; பாறை இடிக்காமலிருக்க வண்டியை உயர்த்தவும் வேண்டும். பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் போதும் என்றார் அண்ணாச்சி. "ரெண்டா போடுங்க" என்றேன்.

"ரெண்டு போட்டா வெறும் வண்டி துள்ளும் வே. கொடலு வாய்க்கு வந்துரும்."

"துள்ளட்டும். ஏறணும்லா?"

"ஒம்ம அவசரம் எனக்கா தெரியாது?" என்றபடி, கழித்துப்போட்ட லாரிப் பட்டைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார், பக்கத்துக்கு இரண்டு, உடைந்ததற்கு ஒன்று. உலையில் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் வளைவெடுத்து, எண்ணெயில் முக்கினார்கள். புகை மூக்கைத் துளைத்தது. புது ஷாக் அப்சார்பர்களும் நீளமான போல்ட்டுகளும் ராஜபாளையத்திலிருந்து மத்தியானம்தான் பஸ்ஸில் வந்தன. கூலியும் சாமானுமாக முந்நூறு ரூபாய் ஆனது. அன்றைக்கு அது பெரிய தொகை.

பட்டறை வாசலிலிருந்து பார்த்தால் கோவில் கோபுரம் தெரியும். சாயங்காலம் அண்ணாச்சி, "கோயிலுக்குப் போயிட்டு வாரும். ஆடிச்சுத்து சுத்துதாவ, பாக்க நல்லா இருக்கும்" என்றார். இறைவனைக் காண ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனின் கால்வலியைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக நினைத்து, பெண்கள் நேர்ந்துகொண்டு பிரகாரத்தைச் சுற்றுவார்கள். "வண்டி முடியட்டும் அண்ணாச்சி" என்று நான் போகவில்லை. போல்ட் முறுக்குவதைப் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தேன். நான் பார்க்காவிட்டால் மரை ஏறாது என்பதுபோல.

மறுநாள் காலை ஏழு மணி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினேன். வண்டி நல்ல உயரம். ஏறவே காலைத் தூக்க வேண்டியிருந்தது. ஆனால் ஊர் எல்லை தாண்டுமுன்பே அண்ணாச்சி சொன்னது பலித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி ஆட்டுக்குட்டியாய்த் துள்ள, என் தலை கூரையில் இடித்தது. வழியில் ஓர் ஓடைக்கரையில் நிறுத்தி, நான்கு சாக்கு மணல் அள்ளிப் போட்டேன். அப்புறம்தான் வண்டி அடங்கியது. சிவகிரியில் நாற்பது பைசாவுக்கு ஒரு டீ குடித்து, கண்ணாடியில் தலைசீவி, சட்டையை மாற்றினேன். லோடு ஏற்றப் போகிறவன் எதற்குச் சலவைச் சட்டை போடுகிறான் என்று டீக்கடைக்காரர் நினைத்திருப்பார்.

ராயகிரிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் ஓடை, பழைய எதிரி. பாறையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பட்டைகள் ஒருமுறை முனகி, வளைந்து, நிமிர்ந்தன. வண்டி மேலே நின்றது. ஆளில்லாத அந்த ஓடையில் நான் உய்யென்று விசிலடித்தேன். அடுத்த இரண்டு ஓடைகளும் வழிவிட்டன. தோட்டத்துப் படல் தெரிந்ததும் ஹாரனை அழுத்தினேன்; தேவைக்கு மேலேயே அழுத்தினேன்.

மாமனார் மட்டும் வந்தார். வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"ஏறிட்டே மாப்பிள்ளை! நல்ல வேலைப்பாடு."

நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது.

"வீட்ல யாரும் இல்லையா?"

"தாயும் மகளும் நேத்துக் காலைலயே சங்கரன்கோவிலுக்குப் போயிட்டாவ. கோயில் பக்கத்துல அவ சின்னம்ம வீட்ல இருக்காவ. தபசு முடிஞ்சுதான் வருவாவ." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்க வண்டி இந்த ஓடையெல்லாம் ஏறி வந்துரணும்னு ரெண்டு நாள்ல நூத்தியெட்டுச் சுத்து சுத்துதேன்னு நேந்திருக்கா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்று முழுக்க நான் கோபுரத்தைப் பார்த்தபடி பட்டை அடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரத்துக்குக் கீழே அவள் எனக்காகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மாமனார் கொடுத்த மோரைக் குடித்தேன். நல்ல மோர்தான். அவள் கை மோர் இல்லையே.

மணலைக் கொட்டிவிட்டு எலுமிச்சை மூட்டைகளை ஏற்றினோம். பாரத்தோடு இறங்கியபோது வண்டி துள்ளாமல், தொட்டில்போல் மெல்ல அசைந்து வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கரன்கோவில் கமிஷன் கடையில் சரக்கை இறக்கி, கையை மட்டும் கழுவிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்.

பிரகாரத்தில் ஒரு தூணருகே மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் புளியமுத்து, மகள் ஒரு சுற்று வந்தால் ஒன்றை எடுத்து வலப்பக்கம் வைப்பார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"வாங்க. அவ சுத்துதா. நடுவுல பேசக் கூடாது பாத்துக்கிடுங்க."

தூணில் சாய்ந்து நின்றேன். கூட்டத்தில் அவள் வந்தாள். ஈரச்சேலை, வெறுங்கால், உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. என்னைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது, கால் நிற்கவில்லை. கடந்து போய்விட்டாள். அடுத்த சுற்றில் கண்ணால் சிரித்தாள். அதற்கடுத்ததில் என் தலையில் கூரை இடித்த வீக்கத்தைக் கவனித்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பார்வை. மாமியார் மடியில் இன்னும் நிறைய முத்து இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

கடைசி முத்தும் இடம் மாறியது. அவள் வந்து நின்றாள். மாமியார், "புத்துமண் வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தார். அந்தக் கோவில் பிரசாதம் ஏற்கெனவே அவர் முந்தானையில் முடிந்திருந்தது.

"வண்டி ஏறிச்சா?" என்றாள்.

"ஏறிட்டு. ரெண்டு பட்ட கூடப் போட்டேன்."

"வீடு வரைக்குமா?"

"வாசல் வரைக்கும். நீதான் இல்ல."

அவள் குனிந்து, வீங்கியிருந்த பாதத்தைத் தரையில் தேய்த்தாள். "நாந்தான் இங்கன சுத்திக்கிட்டு இருந்தேனே" என்றபோது குரல் உடைந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தும், கோவிலில் கையைக்கூடத் தொட முடியவில்லை. மாமியார் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தார்.

பொழுது சாய்ந்த பிறகு கோவில்பட்டிக்குக் கிளம்பினேன். மறுபடி மணல் அள்ளிப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. பெட்டியும் காலி, பக்கத்து இருக்கையும் காலி. கழுகுமலை வரை வண்டி துள்ளிக்கொண்டே வந்தது. ஆடி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.