கொல்லிமலை இறக்கமும் ஒரு மரக்கட்டையும்

காலை 6.20க்குச் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினேன். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் முதல் பலகை வந்தது: 1/70. மேலே போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் சீட்டை விட்டு உள்பக்கம் நகர்ந்தேன். எனக்கு இந்த மலை என்றால் பயம்.

முதல் தடவை ஏறியபோது ஒன்பது வயது. மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்கு அப்பா கூட்டிப்போனார். முப்பதாவது வளைவுக்குள் மூன்று முறை வாந்தி எடுத்தேன். ஒரு வளைவில் பஸ் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னால் வந்தது. கடைசி சீட்டில் இருந்த எனக்குக் கீழே ரோடு தெரியவில்லை. மரங்களின் உச்சி தெரிந்தது. அலறினேன். அப்பா என் கண்களைப் பொத்தினார். விரலிடுக்கில் பார்த்தால் அவரும் கண்ணை இறுக்க மூடியிருந்தார். அப்பாக்களுக்கும் பயம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. மேலே இறங்கியதும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி ஒரு முழு அன்னாசியை இருவரும் தின்றோம். வாய் புண்ணாகிவிட்டது. ஆனாலும் அது நல்ல நாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். வண்டி மலையில் உருண்டால் குதித்துச் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பது கிளீனர் வேலை. பதினேழு வயதில், மகாராஷ்டிராவின் மலைப்பாதை ஒன்றில், லோடோடு பின்னால் உருண்ட லாரியை அப்படி நிறுத்தினேன். டிரைவர் அன்று கோழிக்கறி வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. போன இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

9 மணிக்கு மலைமேல் சோளக்காட்டில் இறங்கினேன். ஒரு மிளகுத் தோட்டத்தில் காவலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். போய்ச் சேர்ந்தால் வேறு ஆள் வந்து இரண்டு நாளாகிவிட்டது. டீ மட்டும் கொடுத்தார்கள்.

பிற்பகல் 2 மணி. அருவிக்கு வந்த கூட்டம் இறங்கும் பஸ்ஸை நிரப்பியிருந்தது. கால் வைக்க இடமில்லை. மரவள்ளி மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று நின்றது. டிரைவர் முருகேசனுக்கு முப்பது வயது இருக்கும். முன்சீட்டில் செல்லம்மா என்ற அம்மாள், பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகும் மிளகு மூட்டையை மடியில் வைத்திருந்தார்.

"லோடு மேல உக்காரலாங்கண்ணா. வாடகை வேண்டாம். ஆனா கட்டை உங்க பொறுப்பு" என்று முருகேசன் ஒரு மரக்கட்டையைக் காட்டினான். இங்கே மூட்டை மேல் உட்காருபவர் கொடுக்கும் வாடகை அதுதான்.

"நான் பழைய கிளீனருங்க" என்று ஆரம்பித்து மகாராஷ்டிராக் கதையைச் சொன்னேன்.

"அப்பறமென்னங்க, தூங்கிக்கிட்டே எறங்கலாம்" என்று செல்லம்மா சிரித்தார்.

எழுபதாவது வளைவிலிருந்து நாற்பதாவது வரை வண்டி கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. அதன் பிறகு எஞ்சின் சத்தம் அடங்கியது. டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்து நியூட்டரில் விட்டிருக்கிறான். சமவெளியில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். இந்த மலையில் செய்யக்கூடாது. முப்பதைத் தாண்டும்போது பிரேக் கருகும் நாற்றம் வந்தது. கேபினைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பயந்தவன் என்று நினைப்பார்களே என்று பேசாமல் இருந்தேன்.

24/70 பலகை வேகமாகப் பின்னால் போனது.

"அண்ணா, கட்டை! பிரேக் நிக்கலீங்க, கட்டை!"

முருகேசன் கியர் போட முயன்றதில் பல்சக்கரங்கள் கிறீச்சிட்டன. முன்னால் வளைவு. அதற்கு அப்பால் பனிமூட்டம் மட்டும். நான் குதித்தேன். முழங்கால் ரோட்டில் உரசித் தோல் போயிற்று. எழுந்து பார்த்தபோது என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. கட்டை மூட்டை மேல், கயிற்றுக்குள் நான் செருகிய இடத்தில் இருந்தது. வண்டி என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர்.

முருகேசன் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். முன்சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கியது. வண்டி பாறையை உரசிக்கொண்டு நின்றது. நான்கைந்து மூட்டைகள் ரோட்டில் சிதறின.

நொண்டிக்கொண்டு ஓடினேன். முருகேசன் இறங்கி என் கையைப் பார்த்தான். மூட்டை மேலிருந்த கட்டையைப் பார்த்தான்.

"மகாராஷ்டிராவுலயும் இப்படித்தானுங்களா?"

நான் ரோட்டோரம் உட்கார்ந்தேன். அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நியூட்டர்ல உட்டது என் தப்புங்க" என்றான்.

பிரேக் ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலிருந்து வந்த லாரிக்காரர்கள் கயிறு கட்டி வாய்க்காலிலிருந்து இழுத்துவிட்டார்கள். அதன்பின் முதல் கியரில் வண்டி ஊர்ந்தது. நான் ஏறவில்லை. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது நின்றதும் கட்டையை வைத்தேன். கிளம்பச் சொன்னதும் எடுத்தேன். பள்ளத்தைப் பார்க்கவில்லை. டயரை மட்டுமே பார்த்தேன்.

மாலை 5.40க்குக் காரவள்ளி. செல்லம்மா இறங்க வேண்டும் என்றதும் முருகேசன் சுற்றி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தான். மிளகு மூட்டையோடு அந்த அம்மாள் என் முன்னால் வந்து நின்றார். திட்டட்டும் என்று தலை குனிந்துகொண்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி, என்னைப் போட்டுட்டுக் குதிச்சுட்டீங்கன்னு எனக்கு வருத்தமில்லைங்க" என்றார். "நானும் குதிக்கத்தான் பாத்தேன். இந்தக் கதவு உள்ளேருந்து தொறக்க மாட்டேங்குது."