முதலாளி வீட்டு ரத்தம்

அந்த முதலாளியை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போய்விட்டான், இருந்தும் மன்னிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பா, முதலாளியின் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை கேட்க வெளுத்த வேட்டி கட்டி அழைத்துப்போனார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த நண்பனிடம், "ப்ளட் வில் டெல்," என்றான். இருவரும் சிரித்தார்கள். மூன்று சொல்லும் எனக்குத் தெரியும். ரத்தம் சொல்லுமாம், என்ன எழவைச் சொல்லும் என்றுதான் புரியவில்லை. நானும் பல்லை இளித்தேன். ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். வேலை கிடைக்கவில்லை.

ஆரோவில்லில் கட்டட வேலைக்குப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "அப்பா கெட்டவர்னா பிள்ளையும் கெட்டவன். ரத்தம் காட்டிக் கொடுக்கும்," என்றார். அப்பா என்ன கெட்டது செய்துவிட்டார்? ஒரு பெண்ணைக் கைநீட்டி அடித்த மேஸ்திரியைத் தூக்கி உப்புப் பாத்தியில் போட்டார். அவ்வளவுதான்!

அன்றிலிருந்து ரத்தம் வருகிற இங்கிலீஷ் வழக்குகளையெல்லாம் அந்தம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். நீல ரத்தம் என்றால் பெரிய வீட்டுப் பிறப்பு. சூடான ரத்தம் என்றால் முன்கோபம். குளிர்ந்த ரத்தத்தோடு செய்வது என்றால் ஈவிரக்கமில்லாமல், நிதானமாகச் செய்வது. கடைசியது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சில வருஷம் கழித்து முதலாளியின் மகன் உப்பு வாரும் பலகையால் ஒரு பெண்ணின் மண்டையை உடைத்தான். கண்ணால் பார்த்த அப்பா, சாட்சி சொல்லத் துணிந்து ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் போனேன். கேஸ் எழுதப்போன இன்ஸ்பெக்டரிடம் முதலாளி குழைந்தான்.

"யங் ப்ளட் சார். கொஞ்சம் ஹாட் ப்ளட். விட்டுடுங்க."

அடப்பாவி! உன் பிள்ளை என்றால் இளம் ரத்தமா? இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் நிதானமாகவே வாயைத் திறந்தேன்.

"ப்ளட் வில் டெல் சார். இவரும் இந்த வயசுல இதைத்தான் செஞ்சாரு. எங்க சின்னம்மா கையை ஒடிச்சாரு. இன்னிக்கும் அந்தக் கை நிமிரல. கூப்ட்டு வந்து காட்டட்டுங்களா?"

முதலாளிக்கு முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"என்னடா சொன்ன?" என்றார் அப்பா.

"அன்னிக்கு உன்னையும் என்னையும் பாத்து அவன் சொன்னதுதான்பா," என்று அர்த்தத்தைச் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்காடா கும்பிட்டேன்?" என்றார். பிறகு, "அந்த இங்கிலீஷை எனக்குச் சொல்லிக்குடு," என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். முதலாளிக்கு எதிரே போய் நின்று, மூன்று சொல்லையும் நிறுத்தி நிறுத்தி அவன் முகத்துக்கு நேரே சொன்னார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.