சாமந்தி வாசம் வந்த ஏசி

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலையில் ஆறு வருடம் இருந்தவள் நான். தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் வேறொரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஏசி வைத்த கார். மெட்ராஸ் வெயிலுக்கு அதில் ஹீட்டர் வேறு. யார் கேட்டார்களோ தெரியாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அந்த ஏசியில் காற்று வரவில்லை. மத்தியானம் முதலாளியின் தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். பூஜைக்கு வண்டியைக் கழுவி அலங்கரித்தவர் இவர்தான். பழி இவர் தலையில்தான் விடியும், வேலையே போனாலும் போகும். முகம் செத்துப்போய் வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார். எனக்கு லீவு, கூடவே போனேன்.

மெக்கானிக் ஏசி பக்கம் திருகினார், சத்தமில்லை. ஹீட்டர் பக்கம் திருகினார், அதிலும் இல்லை.

"ரெண்டுக்கும் ஒரே ஃபேன்தான் அண்ணாத்தே. கோளாறு ஃபேன்லதான் கீது."

அதுவரை சரி. ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டார். 'ம்ம்' என்று ஒரு முனகல், அதுவும் போனது.

"மோட்டார் எரிஞ்சிப் போச்சி. புச்சு வர நாலு நாள் ஆவும்."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மோட்டார் எரிந்ததைத் தொடாமலே சொல்கிறவர்கள் நாங்கள். கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகிய நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோற்றிலும் அதே நாற்றம்தான். முன்சீட்டில் ஏறி, காற்று வரும் ஓட்டையில் மூக்கை வைத்தேன்.

"மோந்து பாக்க அது இன்னா கருவாடாக்கா?" என்றார் மெக்கானிக்.

கருகல் இல்லை. சாமந்தி வாசம் வந்தது.

"யோவ், நேத்து மாலைய எங்க கட்ன?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கண்ணாடி அடில, வைப்பர்ல கட்னேன் மே."

"பொரி?"

"அல்லாரும் வாரி எறிஞ்சாங்க. எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தறப்போ மொதலாளி ஏசியப் போடச் சொன்னாரு, ஃபுல்லா வெச்சேன்."

கண்ணாடிக்குக் கீழேதான் ஃபேன் காற்றை இழுக்கிற சந்து. எனக்கு விளங்கிவிட்டது.

"மோட்டார் எரியல. இன்னாவோ சிக்கிகினு கீது. சுத்த முடியாமதான் ஃபீஸ் போவுது. கழட்டு," என்றேன் மெக்கானிக்கிடம்.

"மெக்கானிக் நானா நீயாக்கா?"

"நீதான். அதான் உன்னக் கழட்டச் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே மூன்று ஸ்குரூவைக் கழற்றி ஃபேனை வெளியே எடுத்தார். சக்கரம் முழுக்கச் சாமந்தி இதழும் பொரியும். நடுத்தண்டில், பூ கட்டிய வாழைநார் சுற்றுச் சுற்றாக இறுகிக் கிடந்தது. நானே காயில் சுற்றியிருந்தாலும் அவ்வளவு நெருக்கமாக வந்திருக்காது. பிளேடால் அறுத்து, நகத்தால் பிரித்தெடுத்தேன். திரும்ப மாட்டி, வேறு ஃபியூஸ் போட்டு, சுவிட்சைத் திருகினார். காற்று உஸ்ஸென்று வந்து, உள்ளே மிச்சமிருந்த பொரியை அவர் முகத்தில் அடித்தது. எனக்கு வந்த பெருமையை நான் மறைக்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னேன்.

அன்றைக்கு அந்த அம்மாள் குளுகுளுவென்று வீடு போய்ச் சேர்ந்தார். வண்டி காலையில் ஏன் ஷெட்டுக்குப் போனது என்று முதலாளி கேட்டிருக்கிறார். எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர் மாலை கட்டிய கதையையும் சொல்லி, "எங்கூட்லதான் சார் கண்டுபுட்ச்சிச்சி, அது மோட்டார் கம்பெனில கீது," என்றாராம். முதலாளி சிரித்துவிட்டாராம். வேலை நிலைத்தது.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, சைக்கிள், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மனுஷன், சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் நின்று, மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தார்.

"இன்னாய்யா இது?"

"ஆயுதத்துக்குத்தான மே வெக்கணும்?"

சாயங்காலம் வரை நான் அதைத் துடைக்கவில்லை.