சுண்ணாம்பு அடித்த கோப்பித் தொட்டி

கண்டியில் ஒரு மருந்துக் கடையில் கொஞ்ச காலம் நான் குப்பி கழுவிக் கொண்டிருந்தேன். எழுதப் படிக்கக் கற்றதும் அங்கேதான். ஒருநாள் மருந்து கலக்குகிறவர் வெள்ளைத் தூள் ஒன்றைக் காட்டி, பெரிய ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முளைவிட்ட தானியத்திலிருந்து எடுத்ததாம், டயஸ்டேஸ் என்று பேராம். சோற்றில் இருக்கிற மாவை உடைத்து இனிப்பாக்குமாம். பழத்தின் பிசினை அது தொடாதாம், அதற்குப் பெக்டினேஸ் என்று வேறொன்று இருக்கிறதாம். வைக்கோலையும் நாரையும் உடைக்க இன்னும் வேறாம். எது எதை உடைக்கிறது என்று பார்த்துச் சீமையில் வகை பிரித்து வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதையெல்லாம் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தொட்டிக்குள் இறங்கிப் படித்தவள் நான்.

கோப்பிப் பழத்தை மெஷினில் போட்டுத் தோலை உரித்தால், கொட்டை ஒரு பிசினோடு வெளியே வரும். கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைத் தொட்டியில் கொட்டி ஒரு பகல், ஒரு இரவு, குளிர் கடுமையென்றால் இன்னும் கொஞ்சம் புளிக்க விட்டால், பிசின் தானாகக் கரைந்துவிடும். பிறகு கழுவினால் கொட்டை கையில் கரகரக்கும். கரையாமல் காயப்போட்டால் நாறிப்போகும், கொழும்பில் நாய்கூட அதை முகராது. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு இருந்தது. அந்த வேலையோடு சேர்த்துத்தான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எங்களுக்கு ஒரு அறை தந்திருந்தார்கள்.

அந்த அறை எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து வந்து இறங்கி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் நாங்கள். என் முதல் பிள்ளையை அந்த வழியிலேயே, பேர்கூட வைக்காமல், புதைத்துவிட்டு வந்தேன். இந்தக் கதை நடந்தபோது எனக்கு மறுபடி ஆறு மாதம்.

ஆயுத பூசை வந்தது. மெஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பக்கத்தில் தொட்டி கறுத்துப்போய், வாடையோடு கிடந்தது. சாமி கும்பிடுகிற இடத்தில் இப்படி ஒரு அழுக்கா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் வீட்டுக்காரர் ஊற்றுக் கால்வாயைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் தொட்டிக்குள் இறங்கி, தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவி, உள்ளே முழுக்க இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். விளிம்பில் கோலமும் போட்டேன். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூசை முடிந்து அந்த வருடத்தின் முதல் பழத்தை உரித்துத் தொட்டியை நிரப்பினார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் பிசின் போட்டபடியே இருக்கிறது. புளித்த வாடையே இல்லை. என் வீட்டுக்காரர் கையைவிட்டுக் கையைவிட்டுப் பார்த்தார்.

சும்மா இருக்க என்னால் ஆகாது. வீட்டில் கேழ்வரகை, இங்கே குரக்கன் என்பார்கள், முளைகட்டி மாவாக்கி வைத்திருந்தேன். கட்டியான கஞ்சியில் முளைக் குரக்கன் மாவை வெதுவெதுப்பாகக் கலந்தால், வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் கஞ்சி நீர்த்து இனிப்பாகிவிடும். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் ஒன்றும் ஆகாது, அதன் சக்தி செத்துவிடும். கஞ்சியைக் கரைப்பது பிசினைக் கரைக்காதா என்று நினைத்து, இருந்த மாவு முழுவதையும் கரைத்து ஒரு மூலையில் ஊற்றிப் பிசைந்தேன். பிசின் அசைந்து கொடுக்கவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று வைத்திருந்த குரக்கன் போனதுதான் மிச்சம்.

பகலுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார், கூடவே எங்களை வேலை வாங்குகிற கங்காணியும். கொட்டைக் குவியலில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் ஓட்டை திறந்தபடி நிற்க வேண்டும், நின்றால்தான் பிசின் போயிற்று என்று கணக்கு. துரை குத்தி எடுத்தார். ஓட்டை உடனே மூடிக்கொண்டது. சுண்ணாம்பு அடித்தது யார் என்று கங்காணி கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், தானே அடித்ததாகச் சொல்லிவிட்டார்.

துரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்தது. "நாளைக்குப் பகல் பாக்கிறது. சரி இல்லாட்டி, பொண்டாட்டி கூட்டிக்கிட்டு தோட்டம் விட்டு போறது."

நான் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அழுகை கொஞ்ச நேரம்தான். பிறகு கோபம் வந்தது, கோபம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யும். குரக்கன் முளை மாவைத்தான் உடைக்கும், பிசினை உடைக்காது. பசு வைக்கோலைத் தின்று செரிக்கிறது, நான் தின்றால் செரிக்குமா? ஒவ்வொன்றையும் உடைக்க வேறு வேறு சரக்கு இருக்கிறது. அப்படியானால் பிசினை உடைக்கிற சரக்கு எங்கே இருந்தது? நான் தேய்த்துக் கழுவி ஊற்றின அந்தக் கறுப்பு அழுக்கில்தான்!

சுண்ணாம்பு நினைவுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நான் பனங்காட்டில் பிறந்தவள். பனையில் கட்டுகிற முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு பட்டால் எதுவும் புளிக்காது என்று பால்குடி மறக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொட்டையை வெளியே வாரி மூன்று தண்ணீரில் அலசுவதாகவும், சுவரைச் சுரண்டி, சுண்ணாம்புக் காரம் போகப் பழைய சோற்றுப் புளித்த தண்ணீரால் தேய்ப்பதாகவும் சொன்னார். நான் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டைத் தாண்டி, தொட்டி ஏற்கெனவே புளித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினேன். விளக்கு வைத்த பிறகு எங்கள் ஆட்கள் யாரும் உறைமோர் கொடுக்க மாட்டார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் கேட்கப் போனதும் ஒருவகை உறைமோர்தானே.

அந்தத் தோட்டத்துத் தொட்டிக்காரர் நான் கேட்டதைக் கேட்டு முதலில் விழித்தார், பிறகு சிரித்தார்.

"கழிவுத் தண்ணிய கேட்டு வந்த மொத பொம்பள நீதாம்மா. எடுத்துக்க, பொழுது சாயுறதுக்குள்ள போயிரு."

அடியிலிருந்த கொழகொழத்த புளித்த தண்ணீரை அவரே மொண்டு பானை நிறைய ஊற்றினார். பாதி வழியில் வயிற்றில் பிள்ளை உதைத்தது. பானையை விடவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்து, அலசி நிரப்பிய கொட்டைமேல் சுற்றிலும் ஊற்றி, மேலே சாக்குப் போர்த்தினோம்.

விடிந்ததும், மெஷினும் தொட்டியும் இருக்கிற ஸ்டோர் வாசலிலேயே அந்த வாடை அடித்தது. எவ்வளவு அருமையான நாற்றம் தெரியுமா! நான் முழங்கைவரை கையைவிட்டு ஒரு பிடி அள்ளித் தேய்த்தேன். கரகர என்றது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பகலுக்குத் துரை வந்து குச்சியைக் குத்தி எடுத்தார். ஓட்டை திறந்தபடி நின்றது. இன்னொரு இடத்தில் குத்தினார், அதுவும் நின்றது. கொட்டையை அள்ளிக் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்தாய் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"சுண்ணாம்பு அடிச்சது அவரு இல்லீங்க தொரை, நான். சரி பண்ணுனதும் நான்தான்."

கங்காணிக்கு மூச்சே நின்றுபோயிருக்கும். துரை என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி கையிலிருந்த கொட்டையைப் பார்த்தார். கழுவச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மறுநாள் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது, ஸ்டோர்த் தொட்டிக்கு என்று என் வீட்டுக்காரர் பேரையும் என் பேரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

தை மாதம் அந்த லயத்து அறையில், கதவைச் சாத்திய வீட்டுக்குள், கூரைக்குக் கீழே என் மகள் பிறந்தாள். அவளுக்கு அன்றைக்கே பேர் வைத்தேன்.