தம்பி பெயருக்குப் போன கடை

கலியாணத்துக்கு முன்னர் ஒப்பந்தம் எழுதக் கேட்கும் பெண் என் கடையில் பாதியைக் குறிவைக்கிறாள் என்றுதான் நான் நம்பினேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடம். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் சின்னப் பலசரக்குக்கடை வைத்திருக்கிறேன். நான் கட்ட இருந்த மாலதி விவாகரத்தானவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். பதிவுத் திருமணத்துக்கு முன்னர், ஒப்பந்தங்களைச் சட்டப்படி எழுதும் நோட்டாரிடம் சொத்து ஒப்பந்தம் எழுதுவோம் என்றார். “ஓம், எழுதுவம்” என்று சிரித்தேன்.

நோட்டார் அனுப்பிய வரைவை, பிரித்தால் கடித்துவிடும் என்பதுபோல, உறையோடு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிறகு எங்கட ஆட்களின் வழக்கமான கெட்டித்தனம்: கடையைத் தம்பியின் பெயருக்கு மாற்றினேன்.

குறித்த நாளில் நோட்டார் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தார். கடை முழுவதும் எனக்கே. மாலதிக்கு அதில் எதுவும் வேண்டாம். அவருடைய வீடு அவருடைய மகளுக்கு. அவ்வளவுதான்.

“கடை உங்கள் பெயரில்தானே?” என்று நோட்டார் ஜெர்மனில் கேட்டார்.

அவருக்கு முன்னால் பொய் சொல்ல ஏலாது. “தம்பியின் பெயரில்” என்றேன்.

“எப்ப மாத்தினீங்கள்?” மாலதி தமிழில் கேட்டார்.

“போன கிழமை.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். இவ்வளவு பயமெண்டா, பிறகென்னத்துக்குக் கலியாணம்?”

இப்போது எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே பிரித்து வாசிக்கிறேன். விளங்காவிட்டால் அனுப்பியவரையே கேட்கிறேன்.

மாலதி கையெழுத்து வைக்கவில்லை. எங்கள் திருமணம் நடக்கவில்லை.