பார்வதி அக்கா மீட்டுக் கொடுத்த மதிப்பெண்கள்

பார்வதி அக்கா இறந்துபோனதை அடுத்த தீவின் புலிலேகா கிராமத்திலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னார். லவுத்தோக்காவில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நடந்த சாவு, கடல் தாண்டி அந்த லம்பாசா பக்கம் போய்த்தான் எனக்குத் திரும்பி வந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

நம் கல்லூரியின் கம்ப்யூட்டர்களை அக்காதான் பார்த்துக்கொண்டார். நான் மதிப்பெண் பிரிவில் குமாஸ்தா. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் இருக்கிறீர்கள். எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இரண்டாயிரத்து ஆறில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கல்லூரி வாசலில் கூட்டம். குடியேற்ற விண்ணப்பத்துக்கு எல்லோருக்கும் மதிப்பெண் சான்றிதழ் வேண்டும். அந்த வாரம் பார்த்து கரண்ட் போனது. சர்வர் மறுபடி எழுந்தபோது மதிப்பெண் இருந்த டிஸ்க் திறக்கவில்லை. அக்காவுக்கு முன்பு அந்த வேலையில் இருந்த சுரேஷ் வைத்துவிட்டுப் போன கோளாறு அது. டிஸ்க்கைப் பிரித்த துண்டுகளில் ஒன்றை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, கம்ப்யூட்டரை அடியிலிருந்து இயக்கும் கெர்னல் நேராகப் பிடித்துக்கொள்ள விட்டு, முழு டிஸ்க்கையும், டிஸ்க்குகளைப் பங்கிட்டு நிர்வகிக்கும் வால்யூம் மேனேஜர் என்ற மென்பொருளிடமும் ஒப்படைத்திருந்தார். கெர்னல் முந்திக்கொண்டால் மென்பொருளுக்கு டிஸ்க் கிடைக்காது. சர்வரை அணைக்காதவரை இது வெளியே தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், விண்ணப்பம் போட்டதைக்கூடச் சொல்லாமல், அவர் விமானம் ஏறிவிட்டார். அப்படித்தானே எல்லோரும் போனீர்கள்?

ஆக்லாந்துக்குப் போன் போட்டோம். "ரெண்டும் ஒரே நேரத்துல பிடிக்கிற மாதிரி கெர்னல மாத்திடுங்க, சின்ன வேலதான்" என்றார் சுரேஷ். பிரின்சிபாலும் அதையே செய்யச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல எழுதினா புள்ளைங்க மார்க்கு கிச்சடியாப் போவும் சார். ஒருத்தன் கையில முழுசாக் குடுக்கணும்."

முதலில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தார். கெர்னலின் பிடியை விலக்கி, அந்தப் பார்ட்டிஷனையும் மென்பொருள் வழியாகவே திறக்க வைத்தார். அதுவரை வாசலில் நின்றவர்கள் அவர் காதுபடவே திட்டினார்கள். மதிப்பெண்கள் பிசகாமல் வந்ததும், திட்டியவர்களே முதலில் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவுக்கும் விசா வந்தது. "சொல்லிக் குடுக்காமப் போனா நானும் சுரேஷ்தானே?" என்று, வேலை பழக ஓர் ஆள் கேட்டார். பழகிய பெண் ஆக்லாந்து போனாள். அடுத்து வந்தவன் சிட்னி போனான். இருவருக்கும் நற்சான்று எழுதிக் கொடுத்ததும் அக்காதான். அதற்குள் அவருடைய விசாவின் கெடு முடிந்துவிட்டது. நான் கத்தினேன். "போறவங்க போவட்டும் பையா, வேலய நல்லாத்தானே கத்துக்கிட்டாங்க" என்று சிரித்தார்.

அவர் சாவுக்கு உங்கள் கும்பிடும் கைப் படங்கள் என் போனில் வந்து குவிந்தன. சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் தேறவில்லை. கல்லூரிக் காவலாளி சக்கியுசா தன் தம்பிமார் இருவரைக் கூட்டிவந்து என்னோடு தோள் கொடுத்தார்.

அக்காவின் கம்ப்யூட்டர் வேலை எனக்கு வராது. அவருடைய பொறுமையும் வராது. உங்கள் மேல் அவர் பட்டிருக்க வேண்டிய கோபம் ஒன்று உண்டு. கடைசிவரை அவர் அதைப் படவே இல்லை. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.