உக்ரைன் வீட்டு முக்காலி

வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீல முக்காலி கிடந்தது. கீவ் நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பாரிசுக்கு வரும் வழியில், காசு வாங்கிக்கொண்டு களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் எங்களை ஒளித்துவைத்த வீடு அது. நானும் கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அண்ணையும், முப்பது வருடங்களுக்கு முன்னர், ஒரு பனிக்காலம் முழுவதும் அங்கே அடைந்து கிடந்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு மாடு, ஒரு விறகடுப்பு, ஓயாமல் முணுமுணுக்கும் வாய்.

அவருடைய பாஷையில் நான் பொறுக்கிக்கொண்ட சொற்கள் ஐம்பதைத் தாண்டாது. நாங்கள் சாப்பிட்டு எழும்பியதும் மேசையில் சிந்திய பாண் துகள்களைக் கையால் கூட்டி வாயில் போட்டுக்கொள்வார். கஞ்சப் பிசினாறி என்று நாங்கள் தமிழில் சிரிப்போம். ஒருநாள் அது அவருக்கு விளங்கிவிட்டது. என்னை ஜன்னலுக்கு இழுத்துப்போய், பனி கரைந்த இடத்தில் தெரிந்த கரிய மண்ணைக் காட்டினார். எதைப் போட்டாலும் விளையும் மண். பிறகு இடுப்பு உயரத்தில் கையை வைத்து, தன் அம்மா என்றார். வயிற்றை எக்கிக் காட்டினார். இரண்டு விரல்களை நீட்டி, அம்மாவின் தங்கைகள், இல்லை என்றார். விளைந்ததையெல்லாம் அரசாங்கம் அள்ளிக்கொண்டுபோன காலத்துப் பஞ்சம் அது என்று பிற்பாடுதான் அறிந்தேன். அன்று வெட்கம் மட்டும் வந்தது.

ஒரு காலை, எங்களை எல்லைக்குக் கொண்டுபோக வான் வண்டி வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், அந்த அம்மா குறுக்கே நின்றார். என் தோளை அழுத்தி முக்காலியில் உட்காரவைத்தார். அண்ணைக்குக் கட்டிலைக் காட்டினார். உதட்டில் விரலை வைத்துவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார். வெளியே வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். முந்திய வீட்டில் எங்களைத் தேநீர் தந்து இருத்திவைத்துத்தான் பொலிசில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அண்ணைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மனுசி பொலிசுக்குச் சொல்லிப்போட்டுதடா. எங்களை மறிச்சு வைச்சிருக்குது. ஓடு!"

எட்டிப் பிடித்த அந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். நன்றிகூடச் சொல்லவில்லை; மனதுக்குள் திட்டினேன். வான் திரும்பும்போது பார்த்தேன். திறந்த கதவுக்குள், வெறும் முக்காலிக்கு எதிரே, அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பொலிஸ் வரவில்லை. நாங்கள் எல்லை கடந்தோம்.

இப்போது பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மேல்மாடி அறையில் போருக்குத் தப்பி வந்த உக்ரைன்காரி ஒருத்தி தன் மகளோடு இருந்தாள். போன கிழமை, தாய்க்குச் சுகமில்லை என்று, குண்டு விழும் ஊருக்கே திரும்பிப் புறப்பட்டாள். சாவியைத் தந்தவள், அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள். மகள் வெங்காய மூட்டையில். என்னையும் உட்காரச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

தூரப் பயணம் போகுமுன் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், அப்போதுதான் போகிறவர் பத்திரமாய்ப் போய்ச் சேருவார், எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் வழக்கம் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

நான் பருப்பு மூட்டையில் உட்கார்ந்தேன். முருங்கைக்காயோடு நின்ற பெண், "அண்ணை, கெதியா நிறுங்கோ, ட்ரெயின் போயிடும்" என்றாள்.

"ஒரு நிமிசம் பொறு தங்கச்சி. பிள்ளையள் வெளிக்கிடுகினம்."

அவர்கள் போனதும், பாரிசுக்கு வெளியே திரான்சியிலிருக்கும் அந்தக் கிளிநொச்சி அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். 

"நான்தானேடா ஓடச் சொன்னனான்" என்றார்.

நாங்கள் உட்காராமல் ஓடிய நிமிடத்தையும் அந்த அம்மாவே தனியாக உட்கார்ந்து முடித்திருக்கிறார். உயிரோடிருக்கிறாரோ, தெரியாது. அண்ணை போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் அந்த நீல முக்காலியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒரு நிமிடம் பேசவில்லை.